மூன்று பேர் செய்த வேலை, ஒரு பேர் கேட்ட படிவம்: வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விருது கிடைக்கவில்லை. கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பி வந்தோம். ஆனாலும் அந்த ஐந்து மாதத்தில் நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, ஏனென்றால் தொழில்நுட்பத்தில் பெண்களின் தலைமைக்கும் சமூகப் பயனுக்கும் விருது கொடுக்கிறவர்கள் கேட்கிற கேள்விகள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான், நம் பக்கத்து மலை ஊர்களிலிருந்து யாரையாவது பரிந்துரைக்க நினைக்கிறவர்கள் நான் விழுந்த குழியிலேயே விழ வாய்ப்பு அதிகம். விருதின் பெயரைப் போடவில்லை, நான் பரிந்துரைத்த, வண்டிப்பெரியாறு பஜாரில் கம்ப்யூட்டர் கடை நடத்தும் அக்காவின் பெயரும் இல்லை. அக்கா வேண்டாம் என்றார். விருதுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, தப்பில் பாதி என்னுடையது.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்பில் மலை ஏறினால் குமுளி, அங்கிருந்து கோட்டயம் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வண்டிப்பெரியாறு. நான் கம்பத்துக்காரன், வீட்டில் உட்கார்ந்தே ஐடி வேலை பார்க்கிறேன். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் மேலே தேயிலைத் தோட்டத்திலும் ஏலக்காய்த் தோட்டத்திலும் கிடந்தவர்கள். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அதனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பேச்சு தமிழ், வில்லேஜ் ஆபீசில் எழுத்து மலையாளம், பி.எஃப். இணையதளத்தில் ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது, நல்ல சட்டம்தான். மனு எழுதலாம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பெயருக்கென்று இருக்கிற கட்டத்தில் எந்த எழுத்துக்கூட்டலைப் போடுவது என்ற தலைவலி 1969-ல் யாருக்கும் இருந்திருக்காது.

கடை

பஜாரில் பத்துக்குப் பத்து கடை. ஒரு கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன், ஒரு கைரேகை மிஷின், வெளியே ஒரு பெஞ்சு. அக்கா அதை நடத்துகிறார். அவருடைய அம்மா கொழுந்து எடுத்தவர், அக்கா பிளஸ் டூ முடித்து ஆறு மாதம் டி.டி.பி. படித்தவர். எனக்குப் பழக்கமானது என் சின்னம்மாவின் பி.எஃப். பணத்தால். மூன்று தடவை போட்ட க்ளெய்ம் மூன்று தடவையும் திரும்பி வந்தது. நானே லேப்டாப்பில் போட்டது அது, ஐடியில் பதினோரு வருட அனுபவத்தோடு. நாலாவது தடவை அக்கா போட்டார், பணம் வந்தது.

என்ன வித்தியாசம் என்று பிறகு புரிந்தது. தோட்டத்து ரெஜிஸ்டரில் சின்னம்மா மாரியம்மாள், ஆதாரில் மாரியம்மா, அதுவும் தகப்பன் பெயரின் முதலெழுத்து பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேரள ரேஷன் கார்டில் மலையாளத்தில் வேறு மாதிரி. பிறந்த தேதி இன்னும் மோசம். வேலைக்குச் சேர்ந்த அன்று கணக்குப்பிள்ளை ஆளைப் பார்த்து ஒரு வயதைக் குத்துமதிப்பாக எழுதியிருப்பார், ஆதார் எடுக்கும்போது தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. நம் லயத்துக் கிழவிகளில் எத்தனை பேர் புத்தாண்டு அன்று பிறந்தவர்கள் என்று கணக்கெடுத்தால் உலகத்தில் எங்கும் இல்லாத அதிசயமாக இருக்கும். பி.எஃப்.காரர்களுக்கு இரண்டும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் திருத்தம் கேட்க வேண்டும்.

முதலாளி எங்கே? 2000-ஐ ஒட்டிய வருடங்களில் தேயிலை விலை விழுந்து பீர்மேடு பக்கம் பல தோட்டங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். லயத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆபீஸில் பூட்டு தொங்குகிறது. இப்படி மூடிப்போன இடங்களுக்கு கெசட்டட் அதிகாரி, பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி ஆட்களிடம் சான்றொப்பம் வாங்கிக் கொடுக்கலாம் என்று விதியில் வழி இருக்கிறது. விதியில் இருப்பது லயத்துக்கு வந்து சேர்வதுதான் கஷ்டம். 2025 ஜனவரியில் திருத்த முறையை நிறையவே சுலபமாக்கினார்கள், 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு யு.ஏ.என். என்கிற பி.எஃப். நம்பர் கிடைத்தவர்கள் ஆதாரோடு இணைத்திருந்தால் முதலாளி கையெழுத்தே இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பெண்கள் அதற்கு வெகு காலம் முந்தியவர்கள்.

இத்தனைக்கும் கடைசியில் வரும் பென்ஷன் எவ்வளவு என்று கேட்பீர்கள். பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன், குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய், 2014 செப்டம்பரில் வைத்த தொகை. ஆயிரம் ரூபாய்க்கா இத்தனை ஓட்டம் என்று பெங்களூரில் ஒரு நண்பன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

விரல்

இன்னொரு பிரச்சினை விரல். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்ச்சான்று 2014 நவம்பரில் வந்தது, வீட்டுப் பக்கத்திலேயே விரல் வைத்தால் போதும். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கறை ஏறி, தோல் தடித்து, ரேகை தேய்ந்து போயிருக்கும். மிஷின் சிவப்பு விளக்கைத்தான் காட்டும். கேரள அரசின் நலப் பென்ஷனுக்கும் இதே கதைதான், அக்‌ஷயா என்கிற அரசு இ-சேவை மையத்தில் போய் விரல் வைக்க வேண்டும், அதற்கு 'மஸ்டரிங்' என்று பெயர். தோட்டத்தில் விடிகாலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கும் மஸ்டர் என்றுதான் பெயர். "வேலை செஞ்சப்பவும் மஸ்டரு, வேலை முடிஞ்சும் மஸ்டரா?" என்று ஒரு பாட்டி கேட்டது பஜார் முழுக்கப் பரவிவிட்டது.

அக்கா கண்டுபிடித்த வைத்தியம் ரொம்பச் சாதாரணம். முந்தின நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்துப் படுக்கச் சொல்வார், காலையில் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு வர வேண்டும். கட்டைவிரலை விட்டுவிட்டு மோதிர விரலை முதலில் வைக்கச் சொல்வார், ஏனென்றால் கொழுந்து கிள்ளுவதில் அதிகம் தேயாத விரல் அதுதான். 2021 நவம்பரில் ஜீவன் பிரமாணுக்கு முகத்தைக் காட்டும் வசதி வந்த பிறகு அதற்கு மாறிவிட்டார், வெளிச்சத்துக்காகக் கடை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து போனில் எடுப்பார். மஸ்டரிங்கில் விரலே பதியாதவர்கள் உயிர்ச்சான்று எழுதி வாங்கி உள்ளாட்சியில் கொடுக்கலாம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டு ஆட்களைக் கூடவே அழைத்துப் போவார். இதில் எதுவும் ரகசியமில்லை. ஆனால் இதைத் தெரிந்த ஓர் ஆள் பஜாரில் இல்லாவிட்டால் ஒரு கிழவிக்கு மாசக்கணக்கில் பென்ஷன் நின்றுபோகும்.

பரிந்துரை

எங்கள் கம்பெனியில் மகளிர் தினத்துக்கு முன்னால் ஒரு மெயில் வந்தது, தொழில்நுட்பத்தில் பெண்களுக்கான விருது, 'சமூகத் தாக்கம்' என்று ஒரு பிரிவு, யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். அக்காவைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

இந்த வகை விருதுகளின் வழியைக் கொஞ்சம் படித்தேன். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் அனிதா போர்க் 1987-ல் தன் துறைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஆரம்பித்த மின்னஞ்சல் குழு சிஸ்டர்ஸ். ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்ததைப் பார்த்து, ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தது. 1994-ல் அவரும் டெல்லி விட்னி (Telle Whitney) என்பவரும் சேர்ந்து, கணினித் துறையின் முன்னோடிப் பெண்ணான கிரேஸ் ஹாப்பர் பெயரில் பெண்களுக்கான மாநாட்டைத் தொடங்கினார்கள், 2010-லிருந்து இந்தியாவிலும் நடக்கிறது. அவர்கள் கொடுக்கும் அபி விருதுகளில் சமூகத் தாக்கத்துக்குத் தனி விருதே உண்டு. நம் நாட்டில் மார்ச் 8-ல் குடியரசுத் தலைவர் கொடுத்துவந்த நாரி சக்தி புரஸ்கார் முன்பு ஸ்த்ரீ சக்தி புரஸ்கார் என்ற பெயரில் இருந்தது, அதில் பெயர்பெற்ற பெண்களின் பெயரில் விருதுகள், ஒன்று கண்ணகி பெயரில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுவாரசியமான விஷயம், குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் இரண்டு மாநிலப் போலீஸ் காவலில் ஏறிப் போகிறவர்கள் நாங்கள்.

விருது கொடுக்கிறவர்களுக்குச் சுலபமான ஆட்கள் உண்டு, அதில் தப்பில்லை. செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1-க்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பியது, 2024 ஜனவரி 6-ல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது. தேதி இருக்கிறது, தூரம் இருக்கிறது. ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்த வளர்மதி, தமிழக அரசு 2015-ல் கலாம் விருதைத் தொடங்கியபோது அதை முதலில் வாங்கியவர். இவர்களைப் பார்த்து எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் படித்தால் அதைவிடச் சந்தோஷம் இல்லை. ஆனால் கடை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து போட்டோ பிடிப்பதற்கு எந்தத் தேதியை, எந்தத் தூரத்தைப் போடுவது?

படிவமும் என் பொய்யும்

ஆங்கிலத்தில் 500 வார்த்தை. அவருடைய தலைமைப் பயணம், அவர் கொண்டுவந்த புதுமை, அளவிடத்தக்க தாக்கம், இதை எவ்வளவு பெரிதாக விரிக்க முடியும், தொழில்நுட்பத் துறையில் மூத்த இருவரின் சிபாரிசுக் கடிதம், மூன்று நிமிட வீடியோ.

நான் நன்றாகவே எழுதினேன், அதுதான் வினை. தனியொரு பெண் மலையில் டிஜிட்டல் விளக்கேற்றிய கதையாகக் கொண்டுபோய்விட்டேன். அக்காவுக்கு அனுப்பினேன், அவர் அதை போனில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். விளக்கேற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, இதுல பெரியம்மா எங்க? சேச்சி எங்க?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கடையை மூன்று பேர் ஓட்டுகிறார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே விட்டேன். லயத்தில் இருக்கும் பெரியம்மா கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவர், எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தின் ஒரு டிவிஷனில் மாரியம்மாள் ஐந்து பேர் இருந்தால் எந்த மாரியம்மாளுக்கு எந்த செக்ரோல் (தோட்டத்து ஆள் பதிவேடு) நம்பர், எவள் கல்யாணத்துக்குப் பிறகு பேர் மாற்றிக்கொண்டாள், எவள் எந்த வருடம் வேலையை விட்டாள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. தோட்டத்து ஆபீஸில் பூட்டு தொங்குகிறதே, அந்த ரெஜிஸ்டர் இவர்தான். மூன்றாவது ஆள் ஒரு மலையாளி சேச்சி, கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் (அயல்கூட்டம்) கணக்கு எழுதிப் பழகியவர். மலையாளத்தில் மனு எழுதுவதும், பஞ்சாயத்திலும் வில்லேஜ் ஆபீசிலும் போய் நின்று, அனுப்பப் பார்த்தாலும் நகராமல் இருப்பதும் அவர் வேலை. பெரியம்மா சொல்ல, சேச்சி எழுத, அக்கா ஏற்றுவார். ஒருவர் இல்லாவிட்டால் மற்ற இருவருக்கும் கை ஓடாது.

படிவத்தில் பெயருக்கு ஒரே கட்டம்.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது ஞாபகம் வந்தது. போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததற்குக் கொழுந்து எடுக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டேயே விடாமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வந்தது. 232 ரூபாய்க் கூலி பிறகு 301 ஆனது. அப்போதும் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "உங்க தலைவி யாரு?" என்றுதான். கேட்டுக் கேட்டே ஆளைப் பிரித்தெடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம். நானும் அதே வேலையைத்தான் என் லேப்டாப்பில் செய்துகொண்டிருந்தேன்.

திருப்பி எழுதினேன். கட்டத்தில் அக்கா பெயர், முதல் வரியிலேயே மற்ற இருவர். வார்த்தைக் கணக்கில் 'டிஜிட்டல் விளக்கு' போய்விட்டது, நல்லதாகப் போயிற்று. சிபாரிசுக் கடிதத்துக்கு மட்டும் என் மேனேஜர் கையைக் காலைப் பிடித்தேன். அவர் வண்டிப்பெரியாறை மேப்பில் தேடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நேர்காணல்

கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம் என்று மெயில். வீடியோ காலில் மூன்று நடுவர்கள், நான் மொழிபெயர்ப்பு. அன்று மழை, கரண்ட் இல்லை, கடையில் இன்வெர்ட்டர். நடுவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒருவர் பி.எஃப். பற்றி நிஜமாகவே தெரிந்து கேட்டார்.

"நீங்கள் உருவாக்கிய தொழில்நுட்பம் என்ன?" என்று ஒரு கேள்வி. அக்கா யோசிக்கவே இல்லை. "நான் ஒண்ணும் உருவாக்கலைங்க. அவங்க செஞ்சு வச்சிருக்கிறதுல எங்க மாட்டுதுன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும்." இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது முதல் வாக்கியம் மட்டும் பெரிதாகக் கேட்டது போல எனக்கே தோன்றியது.

அடுத்தது நோட்டைப் பற்றி. அக்காவிடம் இரண்டு நீளமான கணக்கு நோட்டுகள் உண்டு, வந்த ஒவ்வொரு கேஸும் அதில் இருக்கும், திரும்பி வந்தால் என்ன காரணம் சொல்லித் திருப்பினார்கள் என்பதும் இருக்கும். இதை ஏன் ஓர் ஆப் ஆக மாற்றி மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோகக் கூடாது என்று கேட்டார்கள். ஐடிக்காரனான எனக்கும் அந்த ஆசை இருந்தது, ஒளிப்பானேன். அக்கா சொன்னார், "அதுல ஆளுங்க ஆதார் நம்பர் இருக்கு, பேங்க் நம்பர் இருக்கு. பூட்டி வச்சிட்டுத்தான் சாப்பிடவே போறேன். அதை எப்படிங்க போன்ல போடுறது?" என் பார்வையில் அந்த அரைமணி நேரத்தில் தலைமை என்ற வார்த்தைக்கு நேராக வந்த பதில் அது ஒன்றுதான். நடுவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள், 'விரிவாக்கம்' என்ற இடத்தில் மார்க் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

விழாவுக்குக் கடைசிச் சுற்று வந்தவர்கள் எல்லோரும் வரலாம், பயணச் செலவு அவரவருடையது. அந்த வாரம்தான் மஸ்டரிங்குக்குக் கெடு. அக்கா போகவில்லை. முடிவு மெயிலில் வந்தது. ஜெயித்தவர் செய்திருந்த வேலையைப் படித்தேன், கொடுக்க வேண்டிய ஆளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நாரி சக்தி புரஸ்காரில் தனிநபருக்கு மட்டுமின்றி நிறுவனங்களுக்கும் கொடுத்ததுண்டு, அங்கே போயிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. ஆனால் இந்த மூன்று பேரும் எங்கேயும் பதிவு செய்த அமைப்பு இல்லை. கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது, அவ்வளவுதான். மூன்று பேர் கொண்ட, பதிவில்லாத, பெஞ்சு போட்ட கூட்டத்துக்கு எந்த விருதிலும் கட்டம் இல்லை. இதை மாற்றுவது பெரிய காரியமும் இல்லை, பெயருக்கு இன்னும் இரண்டு கட்டம் போட்டால் போதும்.

நோட்டில் கிடைத்தது

ஒரு விஷயத்துக்கு அந்தப் படிவத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். 'அளவிடத்தக்க தாக்கம்' என்று கேட்டார்களே, அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நோட்டைப் புரட்டி, திரும்பி வந்த க்ளெய்ம்களைக் காரணம் வாரியாகக் கோடு போட்டு எண்ணினோம். ஆதார் நம்பரெல்லாம் விட்டுவிட்டுக் காரணம் மட்டும். பெயர்ப் பொருத்தம்தான் முதலில் வரும் என்று நாங்கள் நாலு பேருமே அடித்துச் சொன்னோம். வந்தது வேறு. வேலையை விட்ட தேதி ஏறவே இல்லை என்பதால் திரும்பியவைதான் அதிகம். தோட்டத்தை மூடிவிட்டுப் போனவர்கள் யாருக்கும் கடைசி நாள் என்று ஒன்றைப் பதியாமலே போயிருக்கிறார்கள், கணக்குப்படி அந்தப் பெண்கள் இன்றைக்கும் அங்கே வேலையில் இருக்கிறார்கள்!

இது தெரிந்ததும் வேலையின் வரிசை மாறியது. யார் வந்தாலும் பேரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தேதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் பெரியம்மா வருடத்தைச் சொல்வார், "பெரிய மழையில பாலம் போச்சே, அதுக்கு அடுத்த தை" என்கிற மாதிரி, அதை ஒரு தேதியாக்கி அதற்கு ஆவணம் தேடுவது சேச்சியின் பாடு. பழைய சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, தகரப் பெட்டிக்குள் எது கிடைத்தாலும். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாள் அடித்து லயத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒட்டியிருக்கிறார்கள், கடைக்கு வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று.

2023 ஜனவரியிலிருந்து பி.எஃப்.காரர்கள் மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்று குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். கோடு போட்ட பட்டியலை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அதற்குப் போனார்கள். ஒவ்வொரு ஆளாக நீட்டாமல், ஒரே தோட்டம், ஒரே காரணம், இத்தனை பேர் என்று மொத்தமாக வைத்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று அக்கா சொன்னார். நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கொடுப்பதற்குள் பெரியம்மா குறுக்கே கையை நீட்டி, வாங்கிக்கொண்டதற்கு முதலில் சீல் போட்டுக் கொடுங்கள் என்று நின்றுவிட்டாராம். தேதியோடு சீல் வாங்கித்தான் நகர்ந்தார்கள்.

சிலருக்குப் பணம் வந்திருக்கிறது. பாக்கி நிலுவையில் நிற்கிறது. இந்த மாதம் 27-ஆம் தேதி விடுமுறை, முகாம் அடுத்த வேலை நாளில்தான் என்று சேச்சி விசாரித்துச் சொல்லிவிட்டார். ஜீப்பில் எனக்கும் ஒரு சீட் சொல்லியிருக்கிறது, லேப்டாப் வேண்டாம், இரண்டு குயர் வெள்ளைத் தாள் மட்டும் வாங்கி வரச் சொன்னார்கள்.